டபுள் பெல் யார் அடிப்பது?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலும் வண்டி எந்த மாநிலத்துடையது என்று சொல்லிவிடலாம். விசில் கேட்டால் தமிழ்நாடு, மணி கேட்டால் கேரளம். கேரள வண்டியில் கூரையை ஒட்டி ஒரு கயிறு ஓடும். கண்டக்டர் அதை ஒரு தடவை இழுத்தால் நிற்க வேண்டும், இரண்டு தடவை இழுத்தால் புறப்படலாம். சிங்கிள் பெல், டபுள் பெல். எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மூன்று வயதுக் குழந்தைக்கும் இந்த இலக்கணம் தெரியும்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு சாயங்காலம் பார்த்தது. ஒரு பாட்டி ஒரு காலைப் படியில் வைத்து, மறு காலைத் தரையிலேயே விட்டு, பின்னால் வரும் பேரனைக் கைகாட்டி அழைத்துக்கொண்டிருந்தாள். பேரன் கடலை வாங்கிக்கொண்டிருந்தான். பஸ் நிறைய ஜனம். முன்னால் சிக்னல் பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஆட்டோக்கள் ஹார்ன் அடிக்கின்றன. டிரைவருக்குப் பாட்டியும் தெரியாது, பேரனும் தெரியாது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது அந்த இரண்டு 'டிங்'குக்காக. பேரன் ஏறி, பாட்டியின் புடவைத் தலைப்பு கதவுக்குள் வந்த பிறகுதான் கயிறு இழுபட்டது. முப்பது நொடி நஷ்டம். பஸ்ஸில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். கண்டக்டர் அவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தார். அதை இங்கே அச்சில் போட முடியாது.

ஓட்டுநர் இல்லாத பஸ் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஹைதராபாத் அருகே ஓடுகிறது, சிங்கப்பூரில் ஓடுகிறது, அமெரிக்காவில் டாக்ஸியே ஓடுகிறது. திருவனந்தபுரத்துத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் இந்த ஊர் ஏறுமா என்று கேட்டுக்கொண்டு சில மாதங்களாக இந்த ஊர் பஸ்களில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஓட்டுவதை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும். டபுள் பெல் யார் அடிப்பது?

சால்டர் ஓட்டிய பஸ்

இந்த ஊர் ஒரு புது வண்டியை நம்பக் கற்றுக்கொண்ட கதை ஒன்று உண்டு. 1938 பிப்ரவரி 20. திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துத் துறையைத் தொடங்கிய நாள். துறையை நடத்த லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்த ஈ.ஜி. சால்டர் என்பவரை வரவழைத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த சேஸிஸ்கள்மேல் அவர் மேற்பார்வையில் இங்கேயே பஸ்ஸுக்கு உடம்பு கட்டினார்கள். முதல் பஸ்ஸில் ஏறியவர்கள் மகாராஜா சித்திரைத் திருநாளும் அவர் குடும்பத்தாரும். ஓட்டியது சால்டரே. மற்ற பஸ்கள் பின்தொடர, கவடியார் வரை ஊர்வலம். தெருவின் இரு பக்கமும் ஜனக்கூட்டம்.

இன்றைய விளம்பரக்காரர்கள் பல கோடி செலவழித்தாலும் இப்படி ஒரு காட்சியை அமைக்க மாட்டார்கள். வண்டியைச் செய்தவர் ஸ்டியரிங்கில், நாட்டை ஆள்பவர் இருக்கையில். ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்கு இடமே இல்லை. அந்தத் துறைதான் 1965-இல் கே.எஸ்.ஆர்.டி.சி. ஆனது. சின்னத்தில் இரண்டு யானைகள் இருப்பதால் 'ஆனவண்டி' என்று ஜனங்கள் கொஞ்சிக் கூப்பிடும் வண்டி. அந்த நாளில் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் திருவிதாங்கூர்தான் என்பதால், எங்கள் ஊர்க்காரர்களுக்கும் இந்தக் கதையில் ஒரு பாத்தியதை உண்டு.

தானாகத் தரையிறக்கும் ஊர்

தொழில்நுட்பத்தில் திருவனந்தபுரம் பின்தங்கிய ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனது. அங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த 'புஷ்பக்' என்ற இறக்கை வைத்த வண்டியை, 2024-இல் கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விட்டார்கள். அது தானே வழி திருத்திக்கொண்டு, தானே ஓடுபாதையைக் கண்டுபிடித்து, தானே இறங்கி நின்றது. உள்ளே ஆள் இல்லை. சிக்னல்களைப் போக்குவரத்துக்கு ஏற்பத் தானே மாற்றிக்கொள்ளும் முறையை உருவாக்கியதும் இந்த ஊரின் சி-டாக் மையம்தான். போக்குவரத்து ஆய்வுக்கென்றே நாட்பாக் என்ற நிறுவனம் ஆக்குளத்தில் இருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கோ பஞ்சமே இல்லை. கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் மட்டும் 70,000 பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள்.

புஷ்பக்குக்கு ஒரு வசதி இருந்தது. ஓடுபாதையில் வேறு யாரும் இல்லை. கேசவதாசபுரம் சந்திப்பில் அந்த வசதி கிடையாது.

ஓட்டுநர் இல்லாத சிறு பஸ் எப்படி வழி தெரிந்துகொள்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடப்போகும் பாதையை முன்கூட்டியே பல தடவை சுற்றிவந்து, ஒவ்வொரு கம்பத்தையும் திண்ணையையும் வளைவையும் அங்குலம் பிசகாமல் ஒரு வரைபடமாக நினைவில் வைத்துக்கொள்ளும். ஓடும்போது லிடார் என்ற லேசர் கண் நொடிக்கு லட்சக்கணக்கான ஒளித்துளிகளை வீசி, திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, சுற்றியுள்ளவற்றின் தூரத்தை அளக்கும். கேமராவும் ரேடாரும் துணைக்கு. நினைவில் உள்ள வரைபடமும் கண்ணில் படும் காட்சியும் ஒத்துப்போனால் போகும். ஒத்துப்போகாவிட்டால் நிற்கும்.

இப்போது ஆற்றுகால் பொங்காலை நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலிலிருந்து தொடங்கி கிலோமீட்டர் கணக்கில் தெருவெங்கும் மூன்று மூன்று செங்கல்லாக அடுப்பு. 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவு இருக்கிறது. ஒரே இரவில் ஊரின் வரைபடம் மாறிவிடுகிறது. பொங்கி முடிந்த மாலையிலேயே மாநகராட்சி செங்கற்களை அள்ளிவிடுவதால் மறுநாள் மறுபடி மாறிவிடுகிறது. பத்மநாப சுவாமி ஆராட்டு இன்னும் ஒரு படி மேல். வருஷத்துக்கு இரண்டு தடவை, சாமி கடலுக்குப் போக வேண்டும் என்பதற்காக விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடி, ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் போகிறார்கள். விமானங்களே வழிவிடும் ஊரில், சாமிக்கு எந்த பஸ்ஸும் வழிவிட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் எப்போது, எந்தச் சந்தில் ஒதுங்குவது என்பதை வரைபடம் சொல்லாது. முன்னால் நடந்து வரும் போலீஸ்காரர் கையைக் காட்டிச் சொல்வார், அதிலும் பாதி கண்ஜாடையாக.

மழையைப் பற்றியும் சொல்லவேண்டும். லேசருக்கு இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை பெரிய சோதனை. ஒவ்வொரு துளியும் ஒரு பொருளாகத் தெரியும், அதை வடிகட்டக் கணக்குகள் உண்டு, ஓரளவு வேலையும் செய்கின்றன. ஆனால் தம்பானூரில் தண்ணீர் கட்டினால் கோடும் தெரியாது, குழியும் தெரியாது. அந்தத் தண்ணீரை வடிக்கவே 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று ஒரு பெரிய திட்டம் போட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எங்கள் டிரைவர்கள் முன்னால் போகிற வண்டியின் டயர் எவ்வளவு முங்குகிறது என்று பார்த்து ஆழத்தைக் கணிப்பார்கள். இதை எந்த ஓட்டுநர் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை.

கந்தியில் ஓடும் பஸ்

இந்தியாவில் இந்த வேலையை முறையாகச் செய்யும் இடம் ஹைதராபாத் ஐ.ஐ.டி. சங்காரெட்டி பக்கம் கந்தி என்ற ஊரில் வளாகம். 2020-இல் மத்திய அரசு நிதியில் 'டிஹான்' என்ற மையம் அங்கே தொடங்கப்பட்டது. 2022 ஜூலையில் சோதனைத் தடமும் திறந்தார்கள். 2025-இல் ஆறு பேர், பதினான்கு பேர் உட்காரும் மின்சார பஸ்கள் ஓட்டுநர் இல்லாமல் வளாகத்துக்குள் மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஏற்றிச் சுற்ற ஆரம்பித்தன. பத்தாயிரம் பேருக்கு மேல் ஏறி இறங்கிவிட்டார்கள். யாரும் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. விடுதியிலிருந்து வகுப்புக்குப் போக வண்டி வேண்டும், வண்டி வருகிறது, ஏறுகிறார்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. டி.சி.எஸ். நிறுவனத்தில் ரோபாட்டிக்ஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ரோஷி ஜான், கொச்சியில் ஒரு டாடா நானோவைத் தானே ஓடும் காராக மாற்றி 2016 வாக்கில் செய்திகளில் அடிபட்டார். ஓர் இரவு விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வரும்போது டிரைவர் தூங்கி வழிந்ததுதான் இந்த எண்ணத்துக்கு வித்து என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் தொடங்கிய ரோஷ் ஏ.ஐ. நிறுவனம், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளையே தானோட்டிகளாக மாற்றும் வேலையில் இருக்கிறது.

தூங்கும் டிரைவர் என்பது எளிதாக ஒதுக்கிவிடக்கூடிய வாதம் இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். கேரளத்தில் மட்டும் 4,317 பேர். பெரும்பாலான விபத்துகளில் மனிதத் தவறுக்கு ஒரு பங்கு இருக்கிறது. மெஷின் குடிக்காது, தூங்காது, ஓட்டும்போது வாட்ஸ்அப் பார்க்காது. இதை எதிர்த்து எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பலாச்சுளையும் பெட்டியும்

ஆனாலும் ஜனங்கள் தயங்குகிறார்கள். உலகம் முழுக்க இப்படித்தான். அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் ஆண்டுதோறும் கேட்கிறது: தானே ஓடும் வண்டியில் ஏறப் பயமா? 2021-இல் 54 சதவீதம் பேர் பயம் என்றார்கள். 2023-இல் அது 68 ஆனது. 2025-இல் 61. அந்த நாலு வருஷத்தில் ஃபீனிக்ஸிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் வேமோ டாக்ஸிகள் ஆளில்லாமல் ஓடி லட்சக்கணக்கானவர்களை ஏற்றி இறக்கின. வண்டி தெருவுக்கு வந்தால் பயம் தானே போய்விடும் என்ற கணக்கு பலிக்கவில்லை. பழகினவர்கள் ஏறுகிறார்கள், தூரத்திலிருந்து செய்தி படிப்பவர்கள் பயப்படுகிறார்கள்.

கேரளத்தில் இந்தத் தயக்கத்துக்கு நீண்ட வம்சாவளி இருக்கிறது. எண்பதுகளில் கம்ப்யூட்டர் வேலையைத் தின்றுவிடும் என்று இடதுசாரித் தொழிற்சங்கங்கள் கொடி பிடித்த மாநிலம் இது. அதே இடதுசாரிகளின் நாயனார் ஆட்சியில்தான் 1990-இல் நாட்டின் முதல் டெக்னாலஜி பார்க் இங்கே வந்தது. லாரியிலிருந்து மெஷின் சரக்கை இறக்கினாலும் பார்த்துக்கொண்டு நின்றவனுக்குக் கூலி கொடு என்று கேட்கும் 'நோக்குக்கூலி' 2018 மே தினத்தில் தடைசெய்யப்படும் வரை சகஜம். வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் நியாயமும் தெரியும். என் இடத்தில் மெஷின் வரட்டும், என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரட்டும் என்பதன் முரட்டு வடிவம் அது.

தில்லியிலும் இந்தக் கவலைதான். ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டேன் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-இலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். லட்சக்கணக்கான டிரைவர்களின் பிழைப்பு போய்விடும் என்பது அவர் காரணம். அதே தில்லியில் 2020 டிசம்பர் 28 முதல் மெட்ரோவின் மெஜந்தா வழித்தடத்தில் ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடுகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தையும் அப்படியே திட்டமிட்டிருக்கிறார்கள். தில்லி ரயிலில் ஏறும் யாரும் முன்னால் ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பதில்லை. தண்டவாளம் இருக்கிறது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, ஏதாவது ஆனால் அடுத்த ஸ்டேஷனில் சீருடை போட்ட ஒருவர் நிற்பார் என்ற நிச்சயம்.

இந்த இடத்தில்தான் கேரளத்தின் இரண்டு மெஷின் கதைகளைச் சொல்லவேண்டும். முதலாவது, கேமரா. 2023-இல் மோட்டார் வாகனத் துறை கெல்ட்ரான் மூலம் மாநிலம் முழுக்க 726 கேமராக்களை வைத்தது. ஹெல்மெட் இல்லாதவர், பெல்ட் போடாதவர் எல்லாரையும் ஏ.ஐ. கண்டுபிடித்து வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பும். ஜூன் 5 முதல் அபராதம். அப்பா, அம்மா, நடுவில் குழந்தை என்று ஸ்கூட்டரில் போகிற குடும்பம் மெஷினுக்கு 'மூன்று பேர்'. சட்டப்படி அது சரி. ஆனால் தெருவில் நிற்கும் போலீஸ்காரர் குழந்தையின் பள்ளிக்கூடப் பையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்; கேமராவுக்குக் கழுத்தே இல்லை. மாநிலமெங்கும் எழுந்த கூச்சலில், பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அரசு மத்திய அரசிடம் கேட்டு, பதில் வரும்வரை அந்த அபராதத்தை விட்டுவைத்தது. ஒப்பந்தத்தில் ஊழல் என்று எதிர்க்கட்சி உயர்நீதிமன்றம் வரை போனது தனிக் கதை.

இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்க கே.எஸ்.ஆர்.டி.சி. டிப்போக்களில் டிரைவர்கள் பணிக்கு முன் மூச்சைச் சோதிக்கும் பெட்டியில் ஊதிக்காட்ட வேண்டும் என்று கறாராக விதி வைத்தார்கள். 2025 ஜூலையில் பந்தளம் டிப்போவில் சில டிரைவர்கள் ஊதினார்கள். பெட்டி, குடித்திருக்கிறார்கள் என்றது. அவர்களோ காலையில் பலாப்பழம் தின்றதோடு சரி. நன்றாகப் பழுத்த பலாவில் சர்க்கரை கொஞ்சம் நொதித்திருக்கும். இரத்தப் பரிசோதனைக்கும் தயார் என்றார் ஒருவர். கடைசியில் குடிக்காத ஒருவரை முதலில் ஊதச் சொன்னார்கள். பெட்டி பேசாமல் இருந்தது. அவருக்குச் சுளை கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள், பெட்டி அலறியது. கேரளம் ஒரு வாரம் சிரித்தது. பலாச்சக்கை தின்ற வாயோடு வேலைக்கு வராதே என்று டிப்போக்காரர்கள் தமக்குள் விதி செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சிரிப்பு ஒரு புறம் இருக்கட்டும். அந்த டிரைவர்கள் தப்பியது எதனால்? பெட்டி தப்பு என்று சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் எதிரே இருந்தார். வாதாட இடம் இருந்தது. பழத்தைக் கொண்டுவந்து காட்ட மேஜை இருந்தது. கேமரா விஷயத்திலும் ஜனங்கள் கத்தியது இந்த மேஜை எங்கே என்றுதான். இந்த ஊரில் பஸ் ஏறி இறங்கிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: ஓட்டுகிறவர் இல்லை என்பதை மலையாளி எப்படியாவது சகித்துக்கொள்வார். சண்டை போட ஆள் இல்லை என்பதைச் சகிக்க மாட்டார். தமிழரும் அப்படித்தான், சத்தம் மட்டும் கொஞ்சம் வேறு.

ஹார்ன் அடிக்காத பஸ்

2017 நவம்பர் 8. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நாவ்யா என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாச் சிறு பஸ்ஸை விழா எடுத்துத் தொடங்கினார்கள். விழா முடிந்து கொஞ்ச நேரத்திலேயே விபத்து. ஒரு லாரி சந்துக்குள் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பஸ் அதைக் கண்டுபிடித்து, சொல்லிக்கொடுத்தபடி நின்றது. லாரி வந்துகொண்டே இருந்தது. பஸ் நின்றுகொண்டே இருந்தது. லாரியின் டயர் பஸ்ஸின் மூக்கில் மெல்ல உரசியது. யாருக்கும் அடி இல்லை. தப்பு லாரிக்காரர்மேல்தான் என்று விசாரணை சொன்னது. ஆனால் பயணிகள் கேட்டது ஒன்றே ஒன்று: பின்னால் இடம் இருந்ததே, ஏன் நகரவில்லை, ஏன் ஹார்ன் அடிக்கவில்லை? உள்ளே உதவியாளர் ஒருவர் இருந்தார். கையால் இயக்கும் கருவியை ஒரு பெட்டிக்குள் வைத்திருந்ததால் அவரால் சட்டென்று எடுக்க முடியவில்லை.

அந்த நிமிஷத்தில் ஒரு 'கிளி' இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். கேரளத் தனியார் பஸ்ஸில் கதவைப் பிடித்துத் தொங்கும் பையனுக்குக் கிளி என்று பெயர். பஸ்ஸின் பக்கவாட்டைப் பட் பட்டென்று தட்டி, லாரிக்காரரின் பரம்பரையையே விசாரித்து, வண்டியை ஒதுக்கியிருப்பான்.

தோக்கியோவில் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. 2021 ஆகஸ்டில் பாராலிம்பிக் கிராமத்துக்குள் டொயோட்டாவின் இ-பேலட் சிற்றுந்துகள் வீரர்களை ஏற்றிக்கொண்டு சுற்றின. பார்வைக் குறைபாடுள்ள ஜப்பானிய ஜூடோ வீரர் அரமிட்ஸு கிடஸோனோ சாலையைக் கடந்தபோது ஒரு வண்டி அவர்மேல் மோதியது. அவர் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. வண்டி முதலில் நின்றிருக்கிறது; உள்ளே இருந்த இயக்குநர் சரி என்று கிளப்பியபோதுதான் மோதல். மெஷினும் மனிதரும் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்ட இடைவெளி அது. நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். சாதாரணச் சாலைக்கு இது இன்னும் தயாராகவில்லை என்று ஒப்புக்கொண்டார். பதில் சொல்ல ஒரு முகம் வந்தது என்பதால் இதை இங்கே சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் நடந்தது வேறு மாதிரி. எடின்பரோ அருகே ஃபோர்த் சாலைப் பாலத்தின்மேல் 2023 மே முதல் முழு அளவுப் பஸ்களே தானாக ஓடின. 22 கிலோமீட்டர் தடம், நெடுஞ்சாலை வேகம். ஸ்டியரிங் முன்னால் பாதுகாப்புக்கு ஒரு ஓட்டுநர், பயணிகளோடு பேச இன்னொரு பணியாளர். ஓட்டுநர் இல்லாத பஸ்ஸில் வழக்கத்தைவிட ஓர் ஆள் கூடுதல்! 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். விபத்தால் இல்லை, ஜனம் ஏறாததால். மெஷின் நன்றாகத்தான் ஓட்டியது. அந்தத் தடத்தில் அந்த பஸ் யாருக்கும் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

திரைக்குப் பின்னால் விழிஞ்ஞத்துப் பெண்கள்

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'டிரைவர்' என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்தைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரு வண்டியால் இழுக்கப்படும் இன்னொரு வண்டியில் திசை திருப்புகிறவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. டிரைவர் என்று ஒருவர் இருப்பார் என்பதில் சட்டத்துக்குச் சந்தேகமே வந்ததில்லை. 2019 திருத்தத்தில் 2பி என்ற பிரிவு சேர்ந்தது. ஆராய்ச்சிக்காகவும் புதுமைக்காகவும் சில வண்டிகளுக்கு மத்திய அரசு விலக்குத் தரலாம். சோதனைக்கு அந்தக் கதவு போதும். தினசரி சேவைக்குப் போதாது.

ஜெர்மனி 2021-இல் சட்டம் போட்டபோது, இப்படிப்பட்ட ஒவ்வொரு வண்டிக்கும் தூரத்திலிருந்து கண்காணித்து நிறுத்தக்கூடிய ஒரு மனிதர் இருந்தே தீரவேண்டும் என்று எழுதிவைத்தது. பிரிட்டனின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம், வண்டி தானே ஓடும்போது தவறு நேர்ந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் குற்றம் சொல்லாதே, வண்டிக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்தைப் பிடி என்கிறது. இரண்டும் அந்தந்த நாட்டு டபுள் பெல்.

தூரத்திலிருந்து பார்க்கும் மனிதர் என்றால் எப்படி இருக்கும் என்று அறிய ஜெர்மனி போகவேண்டியதில்லை. கோவளம் தாண்டி விழிஞ்ஞம் போனால் போதும். 2024 ஜூலையில் 'சான் ஃபெர்னாண்டோ' என்ற முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் வந்த துறைமுகம். 2025 மே 2-இல் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கன்டெய்னர்களை அடுக்கும் பெரிய யார்டு கிரேன்களின்மேல் ஆள் உட்காரும் கூண்டில் ஆள் இல்லை. பெரும்பாலான அசைவைக் கணினியே செய்கிறது. சிக்கலான நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் திரைகளின் முன்னால் இருப்பவர்கள் கையிலெடுக்கிறார்கள். அவர்களில் சுற்றுவட்டாரக் கடலோர ஊர்ப் பெண்களும் உண்டு. 2022-இல் இதே துறைமுகத்தை எதிர்த்து மாதக்கணக்கில் போராடிய கரை அது. அந்தப் போராட்டத்தின் குறைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. ஆனால் மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஆளில்லாத கிரேனுக்கு ஆளாக இருக்கிறாள் என்பது டிரைவர்களின் பிழைப்பைப் பற்றி அமைச்சர்கள் கவலைப்படும்போது எனக்கு ஞாபகம் வருகிறது. இருபது வருஷம் ஆனவண்டி ஓட்டியவரைவிட, பத்து ஆளில்லா பஸ்களைத் திரையில் பார்த்து 'இங்கே நிறுத்து' என்று சொல்லத் தகுந்தவர் யார்? அந்த நாற்காலிகள் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பது வேறு கேள்வி, அதைச் சங்கங்கள் இப்போதே கேட்டுவைப்பது நல்லது. ஏனென்றால் ஆட்குறைப்பு மெஷினுக்காகக் காத்திருக்கவில்லை. கே.எஸ்.ஆர்.டி.சி.யின் ஸ்விஃப்ட் பஸ்களில் டிரைவரே கண்டக்டர். நம் பக்கத்து இடைநில்லாப் பேருந்துகளில் கண்டக்டர் பஸ் ஸ்டாண்டிலேயே டிக்கெட் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது செய்தியே இல்லை. அங்கே டிரைவர் கிடைப்பதே கஷ்டம். சென்டோசா தீவிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் வருஷக்கணக்காகச் சோதித்துப் பார்த்துவிட்டு, 2025 செப்டம்பரில் பொங்கோல் குடியிருப்புப் பகுதிக்குத் தானோட்டிச் சேவைகளை அறிவித்தார்கள். கிராப், கம்ஃபர்ட்டெல்க்ரோ என்று இரண்டு நிறுவனங்கள். முதலில் உள்ளே ஒரு பாதுகாப்பு அலுவலர் இருப்பார். ஆற்றுகால் பொங்காலைக்கும் அந்தப் பொங்கோலுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. அங்கே வீட்டுக்கும் ரயிலுக்கும் நடுவே திட்டமிட்டுப் போட்ட சாலை, அழியாத கோடு, வரிசையில் நிற்கும் ஜனம். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பெரிய சாலையை விட்டுவிட்டு, கடைசி இரண்டு கிலோமீட்டரில் தொடங்கியது.

அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர் திருவனந்தபுரத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. மாலை ஆறரைக்குக் கழக்கூட்டத்தில், மழையில், டெக்னோபார்க் வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். முதுகில் லேப்டாப் பையும் தலைமேல் டிபன் பையுமாக ஓடுகிறவர்கள். உள்ளே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கே நல்ல நடை. சாலை சொந்தச் சாலை, வேகம் குறைவு, பொங்காலை அடுப்பு கிடையாது, ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு லிடார் என்றால் என்ன என்று தெரியும். நகர் வட்டச் சேவைக்கு மின்சார பஸ் வந்தபோது 2022-இல் தயங்காமல் ஏறிய ஊர் இது. அங்கே ஓடட்டும். சாலைக் கடைத்தெருவுக்கும் பத்மநாப சுவாமி கோயில் நடைக்கும் அது வர இன்னும் நாளாகும், வராமலே போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

அப்படி ஒரு சின்ன பஸ் டெக்னோபார்க்குக்கு வருகிற நாளில் முன்வரிசை இருக்கையில் அதற்கு மென்பொருள் எழுதியவர் தன் வீட்டாரோடு உட்காரட்டும். சால்டர் அன்று செய்தது அதுதானே. அடுத்த வரிசையில் நான் ஏறிக்கொள்கிறேன், டிக்கெட் பத்து ரூபாய் என்றாலும் சரி. கதவுப் பக்கம் ஓர் இருக்கையை மட்டும் காலியாக விடுங்கள், கண்டக்டருக்கு. கயிறு கட்ட இடம் இல்லையென்றால் ஒரு பொத்தானாவது வைத்துக் கொடுங்கள்.